சோழர் அணியின் விதிகள் ஏன் இப்படி?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் வியூக கேமில் சோழர் அணியை எடுத்து ஆடும் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்: யானைமேல் இருக்கும் அரசர் விழுந்தால் மொத்தப் படையும் ஏன் கலைந்து ஓடுகிறது? சோழர் பலத்தைக் குறைக்க நாங்கள் கட்டிய விதி என்று சிலர் வருத்தப்பட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

அது வரலாற்றிலிருந்து வந்த விதி. 949இல் தக்கோலம் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தர் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டார். சோழப்படை தோற்றது, தொண்டை மண்டலமே கைநழுவியது. அப்புறம் 1054இல் கொப்பம். சாளுக்கிய மன்னர் ஆகவமல்லரோடு நடந்த போரில் சோழ மன்னர் ராஜாதிராஜரும் யானைமேலேயே மாண்டார். படை கலங்கிய நேரத்தில் தம்பி இரண்டாம் ராஜேந்திரர் தலைமையேற்று வென்றார், போர்க்களத்திலேயே முடிசூடிக்கொண்டார். இதைவிட நல்ல கேம் விதியை யாராலும் கற்பனை செய்ய முடியாது. அதனால்தான் அரசர் விழும்போது பக்கத்தில் இளவரசர் யூனிட் இருந்தால் படை கலையாது, இன்னும் வேகமாகத் தாக்கும். இளவரசரைக் கோட்டையிலேயே பத்திரமாக வைத்திருப்பவர்கள்தான் தோற்கிறார்கள்.

குதிரை விஷயத்தில் கொஞ்சம் வளைந்துகொடுத்தோம். தமிழகத்துக்கு நல்ல குதிரைகள் கடல்வழியாகத்தான் வந்தன. பாண்டியர் காலத்தில் ஒரு குதிரை 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். வாங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளில் வருடக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்கிறார் மார்கோ போலோ. அதை அப்படியே வைத்தால் யாரும் குதிரைப்படை பக்கமே போக மாட்டீர்கள். எனவே துறைமுகத்தில்தான் வாங்க வேண்டும், விலை அதிகம் என்பதை வைத்துக்கொண்டு, சாவு விகிதத்தை வெகுவாகக் குறைத்தோம்.

கப்பல்கள் இன்னும் பலமாக வேண்டும் என்கிறீர்கள். முதலாம் ராஜேந்திரர் 1025இல் கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது படையெடுத்ததைச் சொல்லும் மெய்க்கீர்த்தி, அதாவது அரசரின் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டு வரிகள், 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்கிறது. அடுத்து வருவதெல்லாம் கரையில் நடந்தவை: கடாரத்து அரசனைப் பிடித்தது, செல்வத்தைக் கைப்பற்றியது, பிடித்த ஊர்களின் பெயர்கள். ஆகவே எங்கள் சோழக் கப்பலின் பலம், அதிகப் படையை ஏற்றிச் செல்வதில் இருக்கிறது. கடலில் ஆட்டம் மந்தமாகிவிடக் கூடாது என்று வில்வீரர்களையும் ஏற்றினோம். அது எங்கள் சேர்க்கை. யூனிட் குறிப்பிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

அடுத்த அப்டேட்டில் இளவரசர் யூனிட்டின் விலை குறைகிறது. குதிரைச் சாவை மார்கோ போலோ சொன்ன அளவிலேயே ஆடிப் பார்க்க விரும்புவோருக்கு, அமைப்புகளில் தனி சுவிட்ச் வருகிறது. ஆடிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
கேம் வடிவமைப்புக் குழு