கடலுக்குப் போகும் வழிக்கு ஒரு பலகை வையுங்கள்

பார்படோஸ் தீவின் கடற்கரைகளையும் சுற்றுலாவையும் பொறுப்பில் வைத்திருக்கும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஜூலையில் உங்கள் கரீபியன் தீவில் எட்டு நாள் தங்கிவிட்டு வந்தவள் நான். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில், முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணி செய்கிறேன். என்னுடன் வந்தவர்கள் எழுபத்தொரு வயது அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும். கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

மேற்குக் கரையில் மதில்களுக்கு நடுவே கடலுக்குப் போகும் வழி கண்ணில் படாத நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு பொதுவழியின் வாசலிலும், வீதியில் நிற்பவரின் கண்ணில் படும்படி, ஒரு பலகை வையுங்கள்.

எங்களுடையது சொகுசு விடுதிப் பயணம் அல்ல. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை உங்கள் ஊரில் அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். சூறாவளிக் காலம் ஜூனில் தொடங்கிய பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் கைக்கு அது எட்டுகிறது. தென்கரையில் வோர்திங் பக்கம், சமையலறையோடு கூடிய இரண்டு அறை வீடொன்றை எடுத்தோம். காலையில் வீட்டில் சமையல், மதியம் வழியில் மீன் வைத்த ரொட்டி, வெள்ளிக்கிழமை இரவு ஆயிஸ்டின்ஸில் பொரித்த மீனும் மக்ரோனி பையும். போக்குவரத்துக்கு பஸ். ஆளுக்கு 3.50 பார்படோஸ் டாலர், அதாவது ஒன்றேமுக்கால் அமெரிக்க டாலர்; தீவின் எந்த மூலைக்கும் அதே கட்டணம். அரசு பஸ்ஸில் மீதிச் சில்லறை தர மாட்டார்கள் என்பதை முதல் நாளே ஐந்து டாலர் நோட்டோடு கற்றுக்கொண்டோம். பாட்டு அதிரும் இசட்.ஆர். என்னும் தனியார் வான்களில் மீதி கிடைக்கும். உட்கார இடம் கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். அம்மாவை அப்படியொரு வானில் நான்காவது ஆளாக நெருக்கி உட்கார வைத்த நடத்துநர், இறங்கும்போது கையைப் பிடித்து இறக்கியும் விட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஐந்தாம் நாள், மேற்குக் கரையைப் பார்க்க ஆசைப்பட்டோம். அலையில்லாத கடல், ஆமைகள் வரும் என்று பிள்ளைகள் படித்திருந்தார்கள். தலைநகர் பிரிட்ஜ்டவுனில் இறங்கி, நகரின் மறுமுனையிலுள்ள நிலையத்துக்கு நடந்து, ஸ்பைட்ஸ்டவுன் பஸ் ஏறி, செயின்ட் ஜேம்ஸில் இறங்கியபோது மணி பதினொன்றரை.

கடலின் சத்தம் கேட்டது. கடலைக் காணவில்லை.

இடப்பக்கம் மதில். மதில் முடிந்தால் வாயிற்கதவு, கதவு முடிந்தால் அடுத்த மதில். நடைபாதை சில இடங்களில் இருக்கிறது, சில இடங்களில் இல்லை. இல்லாத இடங்களில் கார்கள் முழங்கையை உரசுவதுபோல் போயின. அம்மாவுக்கு வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. சின்னவன் குளிர்ப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு விடுதியின் வாசலில் காவலரிடம் கேட்டேன். மிகவும் மரியாதையானவர். "கடற்கரை எல்லோருக்கும் உரியது, அம்மா. ஆனால் இந்த வழியாக அல்ல" என்றார். எந்த வழியாக என்று கேட்டேன். கையை வடக்கே பொதுவாக நீட்டினார். வடக்கே போனோம். அங்கே இருந்த காவலர் தெற்கே நீட்டினார்.

நாற்பது நிமிடங்கள். நண்பகல் வெயில். ஒரு மதிலின் நிழலில் அம்மா உட்கார்ந்துவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா மயிலிட்டிக்காரி. இலங்கையின் வடகரையில் உள்ள மீன்பிடி ஊர் அது. 1990இல் போரினால் ஊரே வெளியேறியது, இராணுவம் வேலியடைத்தது, துறைமுகத்தை 2017இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இருபத்தேழு வருடங்கள். உங்கள் மதிலையும் அந்த வேலியையும் நான் ஒப்பிடவில்லை. அது வேறு கதை, அதன் கணக்கு உங்களிடம் இல்லை. அம்மாதான் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இங்கேயும் வேலியா, பிள்ளை?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

கடைசியில் வழி காட்டியது ஓர் இளநீர் வியாபாரி. பஸ்ஸிலிருந்து நாங்கள் இறங்கிய இடத்துக்கே திரும்பக் கூட்டிப் போனார். நிறுத்தத்திலிருந்து நூறு அடி கூட இராது. இரண்டு மதில்களுக்கு நடுவே, கையை விரித்தால் இருபுறமும் தொடக்கூடிய ஒரு சந்து. காகிதப்பூக் கொடி அதன் வாயில் கவிழ்ந்து கிடந்தது. கொடிக்குக் கீழே ஒரு விடுதியின் குப்பைத் தொட்டிகள் மூன்று. பூவை நட்டவர் யார், தொட்டியை வைத்தவர் யார் என்று நான் விசாரிக்கவில்லை. எல்லாம் தற்செயலாகவே இருக்கட்டும்.

அந்தச் சந்தினைக் கடந்தால் கடல். நீங்கள் விளம்பரங்களில் போடும் அதே கடல், படத்தில் பொய்யில்லை. நிழல் தேடி ஒரு மரத்தடியில் துண்டை விரித்தோம். உடனே ஒரு பெரியவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அது மாஞ்சினீல் மரமாம். பழம் விஷம், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழையில் அதன் கீழ் நின்றாலே புண்ணாகிவிடும். நிமிர்ந்து பார்த்தால் அடிமரத்தில் சிவப்புப் பட்டை, பக்கத்தில் எச்சரிக்கைப் பலகை. எழுத்து தெளிவாக, பெரிதாக இருந்தது. களைப்பில் நாங்கள்தான் கவனிக்கவில்லை.

ஆக, கடற்கரையை விட்டு விலகிப் போகச் சொல்ல உங்களிடம் பலகை இருக்கிறது. கடற்கரைக்கு வரச் சொல்லத்தான் இல்லை.

பலகை வைக்கத் தெரியாத நாடு என்று உங்களைச் சொல்லவே முடியாது. உங்கள் பஸ் நிறுத்தங்களைப் போல் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒன்றில் 'நகரை நோக்கி' என்றிருக்கும். எதிர்ப்பக்கம் 'நகரிலிருந்து வெளியே' என்றிருக்கும். ஆங்கிலம் தடுமாறும் என் அம்மா இரண்டாம் நாளே சரியான பக்கத்தில் நிற்கப் பழகிவிட்டார். தென்கரையில் ராக்லியிலிருந்து கடலோரமாக நடைபாதை போட்டிருக்கிறீர்கள். மாலையில் ஊர் முழுக்க அங்கே நடக்கிறது, யாரும் யாரையும் கேட்பதில்லை. தெற்கே முடிந்தது மேற்கே ஏன் முடியவில்லை? அங்கே வருகிறவர்கள் காரில் வருவார்கள், அவர்களுக்கு வழி வாசலிலேயே இருக்கும் என்பதாலா?

உங்கள் ஊர்க்காரர்களும் இதைக் கேட்காமல் இல்லை. கடற்கரை விடுதிகளுக்கே சொந்தமாகலாம் என்ற பேச்சு எழுந்த 1982இல், கலிப்சோ பாடகர் மைட்டி காபி அதை எதிர்த்துப் பாடினார். அந்தப் பாட்டை இளநீர் வியாபாரி எங்களுக்குப் பாடியே காட்டினார், இளநீரின் விலையில் சேர்க்காமல். அலையேறும் கோடு வரை கடற்கரை பொதுச்சொத்து என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறீர்கள். அது உண்மைதான். ஆனால் மணல் பொது, மணலுக்குப் போகும் வழி மட்டும் தெரிந்தவருக்கு என்றால், படகில் வந்து இறங்குகிறவருக்குத்தான் அந்தச் சட்டம் உதவும்.

எங்களைப் போன்றவர்கள் தீவுக்குப் பெரிய வருமானம் இல்லை என்று உங்கள் கணக்காளர்கள் சொல்லக்கூடும். இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே கனடாவில் பணம் கட்டிவிட்டு, மணிக்கட்டில் விடுதிப் பட்டையோடு ஒரு வாரம் மதிலுக்குள் இருந்துவிட்டுப் போகிறவர், மீன் ரொட்டி விற்கும் பெண்ணிடம் எவ்வளவு செலவழிப்பார்? எங்கள் பணம் சிறியது, ஆனால் கைக்குக் கை போனது: வான்காரருக்கு, ஆயிஸ்டின்ஸில் மீன் பொரித்த அக்காவுக்கு, வீட்டுக்காரருக்கு. அது போகட்டும், உங்கள் பொருளாதாரத்தைத் திருத்த நான் யார்? எங்கள் வீட்டுக் கணக்கே மாதக் கடைசியில் ஒத்துவருவதில்லை.

நான் மதிலை இடிக்கச் சொல்லவில்லை. விடுதிகளை மூடச் சொல்லவில்லை. குப்பைத் தொட்டிகளை நாலடி தள்ளி வைத்தால் நல்லது. அதைக் கூட வற்புறுத்தவில்லை. கேட்பது ஒன்றுதான், மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: வழியின் வாசலில், பஸ் நிறுத்தத்தில் வைத்திருப்பதைப் போன்ற ஒரு பலகை. 'கடலுக்கு' என்று எழுதியிருந்தால் போதும்.

அந்தச் சந்து எந்த நிறுத்தத்துக்கு அருகே, எந்தப் பக்கம் என்று என் மகள் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறாள். வேண்டுமென்றால் அனுப்புகிறேன். தொட்டிகளையும் வரைந்திருக்கிறாள், மூன்றையும்.

அம்மா அடுத்த ஜூலையிலும் வரவேண்டும் என்கிறார். சமையலறை அலமாரியில் அதற்காக ஒரு டப்பா வைத்து, சில்லறை போடத் தொடங்கியிருக்கிறோம்.

மரியாதையுடன்,
பஸ்ஸில் வந்த ஒரு விருந்தாளி
ஸ்காபரோ, கனடா