கடைசிப் படகில் யார்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இலையுதிர் காலம் முடிவதற்குள் எட்டுப் பேராக ஆற்றில் கயாக் ஓட்டிச் செல்லப் போவதாகவும், அவர்களில் மூவர் இதுவரை துடுப்பையே தொட்டதில்லை என்றும், வழிநடத்தும் பொறுப்பு உன்னுடையது என்றும் எழுதியிருந்தாய். உன்னைத் தடுக்க நான் இதை எழுதவில்லை. கோடைக் கூட்டம் கலைந்தபின், பழுத்த இலைகள் மிதந்து செல்லும் ஆற்றின் அழகை நானும் அனுபவித்திருக்கிறேன்.

அந்த நாள்களில் வெயில் இதமாக இருக்கும். நீரோ அதற்குள் குளிர்ந்துவிட்டிருக்கும். காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக நீர் உடற்சூட்டைப் பறித்துவிடும். 15 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான நீரில் திடீரென விழுபவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு வசப்படாது. அந்தத் திணறலில் நீரை உள்ளிழுத்து மூழ்கியவர்கள் உண்டு. ஆகவே வானத்தைப் பார்த்து உடுத்தாமல், ஆற்றில் கையை வைத்துப் பார்த்து உடுத்தச் சொல். பருத்தி ஆடை நனைந்தால் உடலைக் குளிரவைக்கும் என்பதால் அது வேண்டவே வேண்டாம். ஒவ்வொருவரின் லைஃப் ஜாக்கெட் வாரையும் நீயே இழுத்துப் பார்த்துவிடு.

இனி, உன் அம்மாவிடம்கூட நான் முழுவதும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உன் வயதில் ஆறு பேராக இப்படித்தான் ஓர் ஆற்றில் இறங்கினோம். நான் கடைசியாக வந்துகொண்டிருந்தேன். வளைவின் வெளிப்பக்கத்தில், நீரோட்டம் வேகமாக மோதும் இடத்தில், ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. அதன் கிளைகளினூடே நீர் தாராளமாகப் போகும். படகும் மனிதனும் போக முடியாது. படகு கவிழ்ந்தது. எப்படியோ அடிமரத்தைப் பற்றி அதன்மேல் ஏறிவிட்டேன், அது என் திறமையால் அன்று. மற்ற ஐவரும் வளைவைத் தாண்டிப் போயிருந்தார்கள். பின்னால் வருபவனை வேறு யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் என் விரல்களால் லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியைக்கூடக் கழற்ற முடியவில்லை. எனக்கு எவர்மேலும் வருத்தமில்லை. சேர்ந்து புறப்பட்டாலே அது குழு என்று நாங்கள் எல்லாரும்தான் நினைத்திருந்தோம்.

ஆகையால் அனுபவமுள்ள ஒருவர் முன்னே செல்லட்டும், இன்னொருவர் கடைசியில் வரட்டும். முன்னவரை யாரும் முந்தக் கூடாது, கடைசியவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் பெரிய பாறையின் மறைவில் நீர் அமைதியாக இருக்கும் இடத்தில் ஒதுங்கி, எட்டுப் படகுகளையும் எண்ணிய பிறகே நகருங்கள். நீரோட்டத்தின் இரைச்சலில் குரல் எட்டாது. எல்லாரிடமும் விசில் இருக்கட்டும், மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பொருள். விழுந்தவர் ஓட்டத்தின் நடுவில் எழுந்து நிற்க முயலவே கூடாது. கற்களுக்கிடையே கால் சிக்கினால் நீரே அவரைக் கவிழ்த்து அழுத்திவிடும். மல்லாந்து, பாதங்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதந்தபடி கரையை நோக்கி ஒதுங்க வேண்டும். கரையிலேயே இதை அந்த மூவருக்கும் ஒருமுறை செய்து காட்டு, சிரிப்பார்கள், பரவாயில்லை.

பகல் சுருங்கும் காலம் என்பதால் காலையிலேயே புறப்படுங்கள். புறப்படும் முன், கடைசிப் படகில் வரப்போவது யார் என்று மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா