64இல் ஒரு பங்கு ரயிலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

மாட்டுப் பொங்கலன்று காலை, சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில், எட்டடிப் பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என் மாடல் ரயில் தடம்புரளாமல் போய்ச் சேர்ந்தது. ஆறு வருஷத்து வேலை. பார்க்க வந்தவர்கள் "எல்லாம் நீயே செஞ்சதா?" என்று கேட்டதற்கு, சந்தோஷத்தில் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அதில் பாதிக்குமேல் பொய். அந்தக் கணக்கைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒரு குட்டி ரயில் விட்டார்கள். பஞ்சம் வந்தால் தானியம் போய்ச்சேர வழி வேண்டும் என்று போட்ட பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மி.மீ. ஜோலார்பேட்டை வழியாகப் போகும் அகலப்பாதையில் அது 1676 மி.மீ. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்கு மிஞ்சியது தாத்தா சொன்ன கதைதான். அந்தக் குட்டி ரயிலைத்தான் மாடலாகச் செய்தேன்.

கடையில் கிடைக்கும் மாடல் ரயில்கள் பெரும்பாலும் நிஜ ரயிலின் அளவில் 87இல் ஒரு பங்கு, இல்லையென்றால் 76இல் ஒரு பங்கு. நான் 64ஐப் பிடித்துக்கொண்டேன். 762ஐ 64ஆல் வகுத்தால் 11.9 வரும். வெளிநாட்டில் வேறு அளவு ரயில்களுக்காக விற்கும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். தண்டவாளம் அப்படிக் கிடைத்துவிட்டது. ஆனால் அதன்மேல் ஓட்ட எஞ்சினோ பெட்டியோ சக்கரமோ இந்த அளவில் எங்கும் வாங்க முடியாது. தகட்டை வெட்டி, நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதல் நன்றி ராணிப்பேட்டை லேத் பட்டறை அண்ணனுக்கு. பம்ப் ஷாஃப்ட் கடைகிற மிஷினில் ஒன்பதரை மி.மீ. சக்கரம் கேட்டபோது, "இன்னா சார், சட்டைப் பட்டனா?" என்றார். ஆனாலும் 16 சக்கரம் பித்தளையில் கடைந்து, அச்சில் இறுக்கியே கொடுத்தார். வீட்டில் தண்டவாளத்தில் வைத்ததும் ஷார்ட் சர்க்யூட். இரண்டு தண்டவாளத்திலும் மின்சாரம் வரும். ஒரு பக்கச் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே மின்சாரம் கடத்தாத புஷ், அதாவது ஒரு சின்ன வளையம், இருக்க வேண்டும். அதைச் சொல்ல மறந்தது நான்தான். அவர் முகம் சுளிக்காமல் எட்டு அச்சையும் திரும்பப் பிரித்து, பிளாஸ்டிக் புஷ் போட்டுத் தந்தார். இரண்டாம் தடவைக் கூலியை இன்றுவரை வாங்கவில்லை.

லாங்கு பஜார் பக்கம் நகை வேலை செய்யும் ஆசாரி ஐயாவைக் குரு என்றே சொல்வேன். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டியை ஒட்டவைக்கும்போது ஏற்கெனவே ஒட்டிய ஓட்டுநர் அறை கழன்று விழும். அதைப் பிடித்தால் புகைபோக்கி சாயும். மூன்று மாதம் இப்படியே போனது. அவர் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரே பத்தாசு வெச்சா எப்படி நிக்கும்?" என்றார். பற்றாசு என்பது உலோகத்தை ஒட்டவைக்க உருக்கி ஊற்றும் உலோகம். அதிகச் சூட்டில் உருகும் வெள்ளிப் பற்றாசை வெண்காரம் தடவி முதலில் வைக்க வேண்டும். குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தைக் கடைசியில். ஒட்டிய இடத்தில் ஈரத்துணி சுற்றிவிட்டால் சூடு அங்கே போகாது. அவர் கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான். அன்று சாயங்காலமே எஞ்சின் உருவம் நின்றது.

காட்பாடியில் ரயில்வே ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் என் முதல் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். அகலப்பாதைப் பெட்டிபோல முகப்பில் இரண்டு பஃபர் (பெட்டிகள் மோதும்போது அதிர்ச்சி தாங்கும் முட்டு) வைத்திருந்தேன். "நேரோ கேஜுக்கு ஏதுப்பா ரெண்டு பஃபர்? நடுவுல ஒண்ணுதான், பெட்டியைக் கோக்குற கப்ளிங்கும் அதுவேதான்." நேரோ கேஜ் என்றால் இந்தக் குட்டி ரயில்போல அகலம் குறைந்த பாதை. இரண்டு மாத வேலையைக் கழற்றி எறிந்தேன். அவர் சொல்லாதிருந்தால், ரயில் தெரிந்த எவர் வந்தாலும் முதல் பார்வையிலேயே மானம் போயிருக்கும்.

ஆம்பூர்த் தம்பி தந்த தோல் துண்டுகள் முதல் வகுப்பு இருக்கைகளாயின. பாதைக்குப் போட்ட ஜல்லி, மச்சான் மாவுச் சல்லடையில் சலித்துக் கொடுத்த பாலாற்று மணல். (சல்லடை விஷயம் அக்காவுக்கு இன்னும் தெரியாது.) மரங்களெல்லாம் பக்கத்து வீட்டு ஆயா காயவைத்துத் தந்த துளசிக் குச்சி.

என் மனைவிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் பாதியை விட்டுக்கொடுத்தவள். சோற்றில் பித்தளைத் துகள் கிடந்த அன்று மட்டும்தான் சத்தம் போட்டாள், அது நியாயம்.

ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பாதையை இதே அளவில் முழுதாகச் செய்தால் 600 மீட்டருக்குமேல் நீளும். என்னிடம் இருப்பது எட்டடி. கிருஷ்ணகிரி முனையில் எஞ்சினைத் திருப்ப ஒரு சுழல்மேடை செய்ய ஆசை. படம் போட்டு வைத்திருக்கிறேன். லேத் அண்ணா, அடுத்த வாரம் பட்டறைப் பக்கம் வருகிறேன். இந்தத் தடவை கூலியை முன்பணமாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
சத்துவாச்சாரி ரயில்காரன்