ஸ்கிரீன் துவைத்த கதை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. மூட்டு வலியோடு நீ நாலு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன். காரணம் கேட்டால் சிரிப்பாய். வீட்டு ஜன்னல் ஸ்கிரீன் அத்தனையும் துவைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரைத் திருவிழாவுக்கு மகன் குடும்பத்தோடு வருகிறான். பேத்திக்குத் தூசி பட்டால் போதும், இழுப்பு வந்துவிடும். எங்கள் தெருவிலோ குழாய் பதிக்கத் தோண்டிய மண், ஆறு மாதமாக எங்கள் வீட்டுக்குள்தான் குடியிருக்கிறது. டிரைகிளீனிங் கடையில் கேட்டேன். ஒரு பீஸ் 250 ரூபாயாம். எங்களிடம் 12 பீஸ். விளக்குத்தூண் பக்கம் துணி எடுத்தபோதே நான் அவ்வளவு கொடுக்கவில்லை! சரி, நாமே பார்ப்போம் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

முதல் நாளே வினை. பாத்ரூம் ஜன்னலில் தொங்குகிற வெள்ளைக் காட்டன் துணியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளி. ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறவைத்தேன். அரை மணி கழித்து அந்தத் தண்ணீரைப் பாத்ரூம் தரையிலேயே சாய்த்தேன். சற்று முன்னால்தான் வீட்டுக்காரி கக்கூஸ் கழுவ ஆசிட் ஊற்றியிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்ததும் குப்பென்று ஒரு நெடி. கண் எரிகிறது, தொண்டையை யாரோ பிடித்து நெரிக்கிற மாதிரி இருக்கிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். இருமல் அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அது குளோரின் வாயுவாம். மகன் போனில் பிடித்த பிடி இருக்கிறதே, பத்தாம் வகுப்புக் கெமிஸ்ட்ரி வாத்தியார்கூட என்னை அப்படித் திட்டியதில்லை. உன் வீட்டிலும் சொல்லி வை. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் மட்டுமல்ல, வினிகர், எலுமிச்சை எதுவும் சேரக் கூடாது. மிச்சமிருந்த புள்ளிக்கு, துணியை நன்றாக அலசிக் காயவைத்து, மறுநாள் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். முக்கால்வாசி போய்விட்டது. மீதியை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்தது படுக்கையறை ஸ்கிரீன். வெளிச்சம் வராமலிருக்கப் பின்பக்கம் ரப்பர் மாதிரி பூச்சு இருக்குமே, அந்த வகை. மெஷினில் போட்டேன். பூச்சு செதில் செதிலாக உரிந்து, பல்லி தோல் உரித்த மாதிரி டிரம் முழுக்க ஒட்டிக்கொண்டது. அந்த ரகத்தை ஈரத்துணியால் துடைப்பதோடு விட்டுவிட வேண்டும்.

அதற்குப் பிறகு புத்தி வந்தது. முதலில் ஃபேனை நிறுத்திவிட்டு (ஸ்டூலில் ஏறிக் கையைத் தூக்கினால் இறக்கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்), ஸ்கிரீனைக் கழற்றி, கொக்கிகளை எடுத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடியில் உதறுவேன். பாதி அழுக்கு அங்கேயே போய்விடும். உதறாமல் நனைத்தால் தூசி சேறாகித் துணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு பச்சைத் தண்ணீரில் சோப்புத்தூள் கொஞ்சமாகப் போட்டு இருபது நிமிடம் ஊறல். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தூள் அதிகமானால் எத்தனை அலசினாலும் பிசுபிசுப்பு போகாது. கடைசி அலசலுக்கு மட்டும் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வேன். முறுக்கிப் பிழிவதில்லை. வடியவிட்டு, அரை ஈரத்தில் மறுபடி ராடிலேயே மாட்டி ஜன்னலைத் திறந்துவிட்டால், துணியின் கனமே சுருக்கத்தை இழுத்துவிடும். இஸ்திரிக்காரருக்குக் கொடுக்கிற காசும் மிச்சம். ராடு சுவரில் உறுதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், ஈரத்துணி கனம் கனம்தான்.

பூஜையறையில் தொங்குவது அம்மாவின் சுங்குடிச் சேலை, நினைவிருக்கிறதா? அரக்கில் மஞ்சள் புள்ளி, உன் கல்யாணத்துக்குக் கட்டி வந்தது. அதைத் தொட எனக்குப் பயம். ஒரு ஓரத்தை நனைத்து, பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்து அழுத்திப் பார்த்தேன். லேசாகச் சிவப்பு ஏறியது. கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று அம்மா சொல்வாள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் அம்மாவுக்காக ஒரு பிடி போட்டேன். பூவந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரையில் தனியாக இரண்டு முக்கு, அவ்வளவுதான். நிழலில்தான் உலர்த்தினேன். இந்தச் சித்திரை வெயிலில் போட்டால் அரக்கு ரோஸ் ஆகிவிடும். கையில் எடுத்தபோது ஒவ்வொரு புள்ளியிலும் சாயம் ஏற்ற முடிச்சுப் போட்ட இடம் இன்னும் லேசாக மேடுதட்டித் தெரிந்தது. ஒன்றுகூட மற்றொன்றின் அளவில் இல்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன், அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல்.

ஒரு காட்டன் ஸ்கிரீன் மட்டும் ஒரு ஜாண் மேலே ஏறிவிட்டது. தைக்கும் முன்பே துணியை நனைத்திருக்க வேண்டும். புதுமண்டபத்துத் தையல்காரர்களெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், அங்கே கொடுத்து அடியில் ஒரு பட்டை கோக்கச் சொல்லியிருக்கிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது நீயும் தங்கச்சியும் கட்டாயம் வந்துவிட வேண்டும். வரும்போது கம்பம் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ வாங்கி வா. அதைத் தின்ற கையோடு உன் பேரனை மட்டும் ஜன்னல் பக்கம் விட்டுவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்
மதுரை