ஷூமானின் வயலின் சொனாட்டாக்களை நோயின் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிளாராவுடனான காதல், கிளாராவின் அப்பாவை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது, 1840-ல் எழுதிக் குவித்த பாடல்கள் எல்லாம் ஆசையாகப் படிக்கும்படி இருந்தன. ஆனால் வயலினுக்கும் பியானோவுக்கும் அவர் எழுதிய சொனாட்டாக்களுக்கு (பல பகுதிகள் கொண்ட இசைப் படைப்புகள்) கிடைத்தது ஒரே ஒரு வரி. மனம் கலங்கத் தொடங்கிய காலத்து இருண்ட படைப்புகள் என்று சொல்லிவிட்டுக் கட்டுரை நேரே அவர் உயிரை விடக் குதித்த ரைன் நதிக்குப் போய்விட்டது. இந்தப் பேச்சு உங்கள் கட்டுரையாளர் தொடங்கியது இல்லை, நூறு வருஷத்துக்கு மேலாகப் பலரும் சொல்லி வருவதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

தேதிகளைப் பாருங்கள். ஷூமான் 1850 செப்டம்பரில் குடும்பத்தோடு டூசல்டார்ஃபுக்கு வந்தார், நகரத்தின் இசை இயக்குநர் பொறுப்பு. மறு வருஷம், 1851 செப்டம்பர் 12-லிருந்து 16-க்குள், ஐந்தே நாளில் ஏ மைனர் என்ற சுருதியில் அமைந்த முதல் சொனாட்டாவை (ஓபஸ் 105, ஓபஸ் என்பது படைப்பு எண்) எழுதினார். அக்டோபர் தொடக்கத்தில் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான மூன்றாவது பியானோ ட்ரியோ. அந்த மாதக் கடைசியில் டி மைனர் சொனாட்டாவை (ஓபஸ் 121) ஆரம்பித்து நவம்பர் 2-க்குள் முடித்துவிட்டார். இரண்டு மாதத்துக்குள் மூன்று பெரிய படைப்புகள்! அவர் ரைனில் குதித்தது 1854 பிப்ரவரியில், அதாவது இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து. இன்னொன்று, 1844-லேயே அவர் கடுமையாக மனம் ஒடிந்து போயிருந்தார். அதற்கு மறு வருஷம்தான் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) முடித்தார். அதைக் கேட்டுவிட்டு யாரும் நோயின் அறிகுறி தேடுவதில்லையே, வயலின் சொனாட்டாவில் மட்டும் எதற்குத் தேட வேண்டும்?

இருட்டு என்று சொல்வதற்குக் காரணமாக எல்லோரும் காட்டுவது, வயலின் கீழ் ஸ்தாயியிலேயே நிற்கிறது, மேலே ஏறி மின்னுவதில்லை என்பதை. உண்மைதான், ஏ மைனர் சொனாட்டா வயலினின் ஆகக் கனமான ஜி தந்தியில்தான் தொடங்குகிறது. ஆனால் அது தெரியாமல் நடந்த தவறு இல்லை. நான் வீட்டில் பியானோ வாசிப்பவள், வயலின் வாசிக்கும் என் தோழியோடு சேர்ந்து அந்த முதல் பகுதியை மாதக்கணக்கில் பழகியிருக்கிறேன். வயலின் அந்தக் கீழ் ஸ்தாயியில் இருப்பதால்தான் பியானோவின் இடது கைக்கும் வலது கைக்கும் நடுவில், கிட்டத்தட்ட ஒருவர் பேச்சில் இன்னொருவர் புகுந்து பேசுவதுபோல, வயலினால் வர முடிகிறது. யார் முன்னால், யார் துணை என்பது வரிக்கு வரி மாறும். வயலின் ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் பியானோ அதைப் பிடித்துக்கொள்ளும். தனியாகப் பயிற்சி செய்தபோது எனக்கு வெறும் அடர்த்தியாகத் தெரிந்த இடங்கள், அவள் பக்கத்தில் நின்று வாசித்ததும் தெளிந்துவிட்டன. இது அரங்கத்தின் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக எழுதிய வயலின் அல்ல, அதே அறையில் இருப்பவரிடம் பேசுவது.

இரண்டாம் பகுதியில் இருட்டு எங்கே இருக்கிறது? எஃப் மேஜரில், சின்னக் கதை சொல்வதுபோல நாலு அடி நடந்து நின்று, யோசித்து, மறுபடி நடக்கிற இசை அது. மூன்றாம் பகுதியில் இருவரும் மூச்சுவிடாமல் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள், முடியப்போகும் நேரத்தில் சொனாட்டாவின் முதல் மெட்டு திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறது. கட்டுக்கோப்பு தவறிய மனசுக்கு இந்தக் கணக்கு வருமா?

டி மைனர் சொனாட்டா இன்னும் பெரியது, நாலு பகுதி, அரைமணி நேரத்துக்கு மேல். வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட்டுக்குச் சமர்ப்பணம். அதன் மூன்றாம் பகுதிக்காகவாவது ஒருமுறை கேளுங்கள். பழைய லூத்தரன் கிறிஸ்துமஸ் ஞானப்பாட்டு ஒன்றைத் தழுவிய மெட்டு. வயலின் கலைஞர் வில்லை ஒதுக்கிவிட்டு, மூன்று தந்திகளைச் சேர்த்து விரலாலேயே மெதுவாக மீட்டி அதைத் தொடங்குகிறார். "மென்மையாக, எளிமையாக" என்பதுதான் ஷூமான் மேலே எழுதி வைத்த குறிப்பு. அப்புறம் வில் வருகிறது, அதே மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புகிறது. இதை நாங்கள் முதல்முறை தட்டுத்தடுமாறி வாசித்து முடித்த அன்று இரண்டு பேருமே கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

1853 அக்டோபரில் இதை டூசல்டார்ஃபில் மேடையேற்றியவர்கள் வயலின் கலைஞர் யோவாகிமும் கிளாராவும். அதே மாதம் யோவாகிமுக்குப் பரிசாக ஷூமான், இளம் இசையமைப்பாளர்கள் பிராம்ஸ், ஆல்பர்ட் டீட்ரிஷ் மூவரும் சேர்ந்து ஒரு சொனாட்டா எழுதினார்கள், எந்தப் பகுதி யாருடையது என்று அவர் வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் தான் எழுதிய இரண்டு பகுதிகளோடு இன்னும் இரண்டைச் சேர்த்து ஷூமான் தன் மூன்றாவது சொனாட்டாவாக ஆக்கினார். அது அச்சில் வந்தது 1956-ல்தான், அவர் இறந்து சரியாக நூறு வருஷம் கழித்து. அதே இலையுதிர் காலத்தில் எழுதிய வயலின் கான்செர்ட்டோ 1937 வரை மேடை ஏறவில்லை. செல்லோவுக்கு எழுதிய ரொமான்ஸ் என்ற சிறு இசைத் துண்டுகளைக் கிளாராவே 1893-ல் எரித்துவிட்டார். ஷூமானை உயிராக நேசித்தவர்கள்தான் இதையெல்லாம் செய்தார்கள், அவர் பெயர் கெட்டுவிடக்கூடாதே என்ற கவலையில். நோயின் நிழல் என்று நாம் சாதாரணமாக எழுதுகிற சொல்லால் இவ்வளவு இசை பூட்டிக் கிடந்தது, சிலது போயே போய்விட்டது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சரி, ஒரு வேண்டுகோள். தொடர் அடுத்த இதழிலும் வருகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஏ மைனர் சொனாட்டாவுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். இடம் இருந்தால் கிளாரா 1853 கோடையில் யோவாகிமுக்காக வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதிய மூன்று ரொமான்ஸ்களையும் (ஓபஸ் 22) சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் அவர் மனைவியாகவும் பியானோ கலைஞராகவும் மட்டுமே வருகிறார்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி