கோவில் அடுப்படிக்கு நன்றி

பெஸ்தாரி ஜெயாவில் நம் கோவில் அன்னதானக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கொடியிறக்கம் முடிந்த அன்று, மேடையேறி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார் தலைவர் ஐயா. மைக்கைப் பிடித்தால் எனக்குப் பேச்சு வராது. எழுதினால் வரும். அதனால் இந்த மடல்.

எனக்கு ஆட்டிசம் இருப்பது முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஊரில் எனக்கிருந்த பெயர் திமிர் பிடித்தவள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கல்யாண வீட்டில் மூலையைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்பார்கள். சமூக நல இலாகாவில் ஓகேயூ என்ற மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்தபோது கற்றல் குறைபாடு என்ற பிரிவில் போட்டார்கள். நம் மலேசியாவில் ஆட்டிசம் அந்தப் பிரிவில்தான் வருகிறது. அட்டையைப் பார்த்த சித்தி, "நல்லாத்தானடி படிச்ச?" என்றார். படிப்பில் எனக்கு எந்தச் சிக்கலும் இருந்ததில்லை, சித்தி. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதுதான் சிக்கல்.

இங்கே வருமுன் வேறோர் ஊரில் ஒரு தொண்டுக் குழுவில் இருந்தேன். பெயர் வேண்டாம். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பார்த்தால் வாட்சாப் குழுவில் என்னைக் காணோம். கேட்டதற்கு, "உனக்கு எதுக்கும்மா சிரமம், வீட்ல இரு" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள், ஆனால் அந்த அன்புதான் ஆளை முடக்கிப் போட்டது. மற்றவர்களுக்கு மனக்கசப்பு நாலு நாளில் ஆறிவிடுமாம். எனக்கு அந்த ஒரு வாக்கியம் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி மாதக்கணக்கில் ஓடியது.

அந்த மனத்தோடுதான் நம் அடுப்படிக்கு வந்தேன். முதல் திருவிழாவிலேயே, காய் நறுக்க உட்கார்ந்தவளை யாரோ எழுப்பிப் பந்தியில் பரிமாறப் போகச் சொன்னார்கள். வாய் அடைத்துப் போயிற்று. பதில் சொல்லாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விட்டேன். இந்த இடமும் அவ்வளவுதான் என்று முடிவுகட்டியாயிற்று.

அன்று இரவு அடுப்படி அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே போடுகிறேன்:

"நாளைக்கு காலை 5 மணி. பின்கட்டு. பூசணிக்காய் மட்டும். வெட்டி முடிச்சா போகலாம். பரிமாற வேற ஆள் இருக்கு."

அக்கா, நீங்கள் இதைப் பெரிய விஷயமாக நினைத்து அனுப்பியிருக்கமாட்டீர்கள். எனக்குத் தைரியம் சொன்னவர்கள் நிறையப் பேர். நீ சாதிக்கப் பிறந்தவள் என்றுகூட ஒருவர் சொன்னார். (அவருக்கும் நன்றி. எதைச் சாதிப்பது என்று நான் குழம்பியதுதான் மிச்சம்.) எங்கே, எத்தனை மணிக்கு, என்ன வேலை, எப்போது முடியும் என்று தெரிந்ததும் எனக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. மறுநாள் ஐந்து மணிக்கு முன்பே வந்து நின்றேன்.

செயலாளர் அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய கேஸ் அடுப்பின் இரைச்சல் எனக்குத் தலைக்குள் வலியாக இறங்கும் என்றபோது, "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லாத முதல் ஆள் அவர். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மருத்துவக் கையேட்டில்தான் இந்தப் புலன் கூச்சம் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அண்ணன் எந்தக் கையேட்டையும் புரட்டவில்லை. காய் வெட்டும் மேசையைத் தூக்கி அடுப்புக்கு எட்டப் போட்டுவிட்டார். யாருக்கு என்ன வேலை என்பதை முந்தின இரவே வெள்ளைப் பலகையில் எழுதவும் தொடங்கினார். எனக்காக வந்த பலகை, இப்போது அதைப் பார்க்காமல் யாரும் கரண்டியைத் தொடுவதில்லை. அண்டா கழுவுவது யார் என்ற வருடாந்தரச் சண்டையும் ஓய்ந்தது.

உறுமி மேளத் தம்பிகளே, அடிக்கத் தொடங்குமுன் ஒருவர் ஓடிவந்து கையசைத்துவிட்டுப் போனீர்களே, ஹெட்போனை மாட்டிக்கொள்ள எனக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

பிறகு, என் பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் வெட்டிய தாத்தா. தென்னமரம் என்று பேர் வைத்த செம்பனை (பாமாயில்) தோட்டத்தில் குலை வெட்டியவர். இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அங்கேதான், 1917-இல், ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் போட்டது என்று நான் ஆரம்பித்தால் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். தாத்தா "அப்புறம்?" என்பார். மரத்தடியில் கிடக்கும் உதிரிப் பழத்தை வைத்து மேலே குலை பழுத்ததைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவர் பங்குக்குச் சொல்வார். முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயமே இல்லை. இரண்டு பேர் கண்ணும் கத்தியில்தான். எனக்கு இத்தனை சுலபமாக வேறு யாரோடும் பேச்சு ஓடியதில்லை, தாத்தா.

மனச்சோர்வு இப்போதும் வரும். இந்த வருடமும் ஒருநாள் பேச்சு நின்றுபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூட்டம் போட்டு என்ன ஏது என்று கேட்கவில்லை. மோர்ச் சொம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனது யாரென்று இன்னும் தெரியாது. அவருக்கும் நன்றி.

அம்மாவுக்கு வீட்டில் சொல்லிக்கொள்கிறேன்.

அடுத்த திருவிழாவுக்குப் பாத்திரக் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செயலாளர் அண்ணனிடம் சொல்லியாயிற்று. எண்ணிப் பார்த்ததில் பெரிய அண்டா இரண்டும் மூடி ஒன்றும் குறைகிறது. கல்யாணத்துக்கு எடுத்துப் போனவர்கள் பின்கட்டில் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். எனக்கு போன் அடிக்க வேண்டாம், செய்தி அனுப்பினால் போதும்.