சாடியோ மானேவைக் கரைசேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

செனகல் நாட்டின் பம்பாலி ஊர்க்காரர்களுக்கும், தலைநகர் டக்காரில் பெயர் தெரியாத அந்த வீட்டாருக்கும் வணக்கம்.

உங்கள் ஊர்ப் பிள்ளை, கால்பந்து வீரர் சாடியோ மானேவின் ஆட்டத்தைப் பல வருடங்களாகத் தூக்கம் கெட்டுப் பார்த்து மகிழ்ந்தவன் எழுதுகிறேன். கைதட்டல் அவருக்கு நிறையவே கிடைத்துவிட்டது. உங்களுக்கு யாராவது நன்றி சொன்னார்களா என்று ரொம்ப நாளாக மனதில் ஒரு உறுத்தல்.

2002 உலகக் கோப்பையில் செனகல் பிரான்சைத் தோற்கடித்தபோது மானேவுக்குப் பத்து வயது. அப்போது பிடித்த ஆசை விடவில்லை. பதினைந்து வயதில் வீட்டுக்குத் தெரியாமல் டக்காருக்கு ஓடிப்போனார். தேடிப் பிடித்துக் கூட்டிவந்தீர்கள். நியாயம்தான், அப்பா இல்லாத பிள்ளை. ஆனால் அவர் மனம் மாறாது என்று தெரிந்ததும், விளைந்ததை விற்றுப் பணம் கொடுத்து நீங்களே அனுப்பிவைத்தீர்களே, அதுதான் பெரிய மனசு. அப்படி விற்றுக் கொடுத்த அவருடைய சித்தப்பாவுக்கு என் வணக்கம்.

டக்கார் வீட்டாரே, அவர் உங்களுக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. இருந்தும் இடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டீர்கள். நான் அடிக்கடி நினைப்பது உங்களைத்தான்.

அப்புறம், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த இடத்தில் இருந்த அந்தப் பெரியவர். மானே வந்து நின்றதோ கிழிந்த பூட்ஸ், பந்தாட்டத்துக்கே பொருந்தாத டவுசரில். இதைப் போட்டுக்கொண்டா ஆட வந்தாய் என்று கேட்டீர்களாம். என்னிடம் இருப்பதில் நல்லது இதுதான் என்றாராம் மானே. சரி, போய் ஆடு என்று விட்டீர்களே ஐயா! ஆடிய பிறகு உடனே எடுத்தும் கொண்டீர்கள். பூட்ஸைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அவர் சேர்ந்த ஜெனரேஷன் ஃபூட் கால்பந்துப் பள்ளியின் பயிற்சியாளர்களுக்கு நன்றி. பிரான்சுக்கு அழைத்துக்கொண்ட மெட்ஸ் கிளப், அடுத்து சால்ஸ்பர்க், சவுத்தாம்ப்டன், லிவர்பூல் கிளப்புகள் எல்லாருக்கும் நன்றி. 2015 மே மாதம் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக 176 விநாடிகளில் மூன்று கோல் அடித்தாரே, அதை இன்றும் போட்டுப் பார்க்கிறேன்.

அப்போது செனகல் அணியின் பயிற்சியாளராக இருந்த அலியூ சிஸே அவர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் கேமரூனின் யாவுண்டே நகரில் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டம். எங்களுக்கு இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மானே அடித்த பெனால்டியை எகிப்து கோல்கீப்பர் தடுத்துவிட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2002 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் நீங்களே ஆடிப் பெனால்டியைத் தவறவிட்ட வலி உங்களுக்கும் தெரியும். ஆட்டம் பெனால்டி சுற்றுக்குப் போனபோது மறுபடி அவரையே நம்பினீர்கள். ஐந்தாவதாக வந்து அடித்தார், பந்து வலைக்குள் போனது. செனகலுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. அந்த நம்பிக்கைக்கு நன்றி.

பம்பாலிக்காரர்களே, மானேவுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவருடைய அப்பா நோய்வாய்ப்பட்டார். அப்போது ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது, அவர் பிழைக்கவில்லை. 2021இல் அதே ஊரில் மானே கொடுத்த பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரி திறந்தது. அதற்கு முன்பே பள்ளிக்கூடமும் கட்டிக் கொடுத்திருந்தார். இப்படி ஒரு பிள்ளையை வளர்த்து அனுப்பிய உங்கள் எல்லாருக்கும், முக்கியமாக அவருடைய அம்மாவுக்கு, என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
ஒரு ரசிகன்